இரவில் நோயுறுவது குற்றமா?

நோய்க்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. இதனைச் சொல்ல மருத்துவக் கல்லூரியில் பயின்றிருக்க வேண்டியதில்லை. பிள்ளை பெற்று வளர்த்த எந்தத் தாயும் சொல்லிவிடுவாள். பகல் முழுதும் தெருவில் ஓடியாடிய குழந்தைக்கு இரவு 11 மணிக்குத்தான் உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. ஆஸ்துமாக்காரருக்கு விடிவதற்கு முந்திய இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் இழுப்பு முற்றுகிறது. இன்சுலின் போட்டுக்கொண்டு அரை வயிற்றோடு படுத்த முதியவருக்கு நள்ளிரவில் சர்க்கரை இறங்கி வியர்த்துக் கொட்டுகிறது. மாரடைப்புங்கூட வைகறையிலிருந்து முற்பகல் வரையுள்ள பொழுதையே பெரிதும் விரும்புகின்றது என்பது மருத்துவ உலகம் நெடுங்காலமாய் அறிந்த செய்தி. நோயின் நடமாட்டம் இவ்வாறிருக்க, நம் மருத்துவத்தின் நடமாட்டம் மட்டும் இரவு 9 மணியோடு ஓய்ந்துவிடுகின்றதே, இது யார் வகுத்த நியதி?

மதுரையின் வடக்கோரத்து ஆனையூரையே எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் கண்மாயும் வயலுமாய்க் கிடந்த பகுதி. பிறகு வீட்டு மனைகள் வந்தன, நகராட்சி ஆயிற்று. 2011-இல் அவனியாபுரம், திருப்பரங்குன்றம் நகராட்சிகளோடு சேர்த்து மதுரை மாநகராட்சிக்குள் இணைக்கப்பட்டது. மாநகராட்சியின் வார்டுகளும் 72-லிருந்து 100 ஆயின. மாநகராட்சி என்ற பெயர் வந்தது. மாநகராட்சிக்குரிய வரியும் வந்தது. மாலை 6 மணிக்கு மேல் ஆனையூரில் நடந்து பார்ப்பவர், இங்கே மருத்துவர்களுக்குப் பஞ்சம் என்று சொல்ல மாட்டார். எல்லாப் புறநகர்களையும் போலவே இங்கும் கிளினிக்குகள் உண்டு. பெயர்ப் பலகைகளில் பட்டங்கள் உண்டு. பெஞ்சில் டோக்கனோடு காத்திருக்கும் கூட்டம் உண்டு. ஆனால் அந்தக் கூட்டம் கலைந்ததும் ஷட்டர் இறங்குகிறது. பகலில் அரசாங்கப் பணி பார்த்துவிட்டு மாலையில் வந்த மருத்துவர் காரில் ஏறித் தம் வீடு திரும்புகிறார். அவர் வீடு ஆனையூரில் இல்லை. அந்த நாள் மருத்துவர் கிளினிக்கின் மாடியிலேயே குடியிருந்தார். நள்ளிரவில் கதவைத் தட்டினால் திட்டிக்கொண்டேனும் இறங்கி வருவார். இன்று தட்டுவதற்கு அங்கே கதவே இல்லை, ஷட்டர்தான் இருக்கிறது.

மதுரைக்குத் தூங்கா நகரம் என்றொரு பட்டம் உண்டு. அதைச் சொல்லிப் பெருமை கொள்ளாத மதுரைக்காரரை நாம் கண்டதில்லை. நள்ளிரவு 1 மணிக்கு இங்கே பரோட்டா கிடைக்கும். 2 மணிக்கு ஆவி பறக்கும் இட்லி கிடைக்கும். போதாக்குறைக்கு, 10 பேரும் அதற்கு மேற்பட்டோரும் வேலை பார்க்கும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-இல் தமிழக அரசு ஆணையிட்டு, 2022-இல் அதனை நீட்டிக்கவும் செய்தது. நள்ளிரவில் சட்டை எடுக்க விரும்புவோருக்காக அரசாங்கம் இத்துணைக் கவலைப்பட்டிருக்கிறது! கொதிக்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பவளுக்காக எந்த ஆணை பிறந்தது?

"பெரியாஸ்பத்திரி இருக்கிறதே!" என்பார்கள்.

இருக்கிறது, அதை நாம் மறந்துவிடவில்லை. 1940-இல் எர்ஸ்கின் மருத்துவமனையாய்த் தோன்றி, இன்று அரசு இராசாசி மருத்துவமனை என வழங்கும் அந்த மாளிகை, இரவும் பகலும் கதவடைக்காமல் தென்மாவட்டங்களின் துயரமெல்லாம் சுமந்து நிற்கின்றது. தேனியிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் விபத்தில் நசுங்கியவர்களும் விஷங் குடித்தவர்களும் அங்கேதான் கொண்டுவரப்படுகிறார்கள். அங்கே இரவில் உழைக்கும் இளம் மருத்துவர்களை நாம் மனமாரப் போற்றுகிறோம். ஆனால் அந்தக் கூட்டத்தின் நடுவே, இது சாதாரணக் காய்ச்சலா, மூளைக்காய்ச்சலா என்று தெரியாமல் நடுங்கிக்கொண்டு வரும் தாய்க்கு எந்த இடம் கிடைக்கும்? தலை பிளந்தவனை விட்டுவிட்டு அவள் குழந்தையைப் பார் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. அவளை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காக்க வைக்கலாம் என்று சொல்லவும் எவருக்கும் உரிமையில்லை. ஆனையூரிலிருந்து செல்லூர் வழியாகக் கோரிப்பாளையம் போய்ச் சேர நள்ளிரவில் ஆட்டோக்காரர் கேட்பது, பல குடும்பங்களில் ஒரு நாள் கூலி. போய் வந்த மறுநாள் வேலைக்குப் போக முடியாது. அது இன்னொரு நாள் கூலி. இந்தக் கணக்கை மனத்துக்குள் போட்டுப் பார்த்துவிட்டுத்தான், "விடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று ஈரத்துணியை நெற்றியில் போடுகிறாள் அவள். அவளுடைய அறியாமை என்று இதற்குப் பெயர் சூட்டிவிட்டு நாம் நிம்மதியாக உறங்குகிறோம்.

தனியார் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகள் விளக்கெரிந்துகொண்டுதான் இருக்கின்றன. அங்கே முதலில் நாடி பார்க்கப்படுவது சட்டைப்பை. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை கையில் இருக்கிறதே என்றால், அது படுக்கையில் சேர்த்துச் செய்யும் பெரிய சிகிச்சைகளுக்கு. ஓர் இரவுக் காய்ச்சலுக்கு ஊசி போட்டு அனுப்பும் செலவுக்கு அது உதவாது.

108 பற்றியும் ஒரு சொல். 2008 செப்டம்பரில் தமிழகத்தில் தொடங்கிய அந்த ஆம்புலன்ஸ் சேவை காப்பாற்றிய உயிர்கள் கொஞ்சமல்ல; சாலையில் அதன் ஒலி கேட்டால் கைவண்டிக்காரரும் ஒதுங்கி நிற்கிறார். ஆயினும் 108 ஒரு வண்டி. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தவனை மருத்துவரிடம் கொண்டு சேர்ப்பது அதன் வேலை. ஆபத்தா இல்லையா என்பதே தெரியாமல் தவிப்பவனுக்கு முதலில் வேண்டியது வண்டியன்று. தொட்டுப் பார்த்து, "பயமில்லை, வீட்டுக்குப் போ" என்றோ, "இந்த நிமிடமே பெரியாஸ்பத்திரிக்குப் புறப்படு" என்றோ சொல்லக்கூடிய ஒரு மனிதர். இரவு நோய்களில் பெரும்பகுதி இந்த இரண்டுக்கும் நடுவில் ஊசலாடுபவை. அந்த நடுப்பகுதிக்குத்தான் நம் ஏற்பாடுகளில் இடமேயில்லை. 104 என்ற எண்ணில் தொலைபேசி வழியே ஆலோசனை சொல்லும் சேவை 2013 முதல் இருந்து வருகின்றது; நல்ல சேவை. ஆனால் அந்த எண்ணை எத்தனை கிளினிக்கின் பூட்டிய ஷட்டரில் எழுதிப் போட்டிருக்கிறார்கள்? பற்பசை விளம்பரம் எழுத அங்கே இடம் இருக்கிறது.

இனி அரசாங்கங்கள் திறந்த கதவுகளைப் பார்ப்போம். 2020 டிசம்பரில் ஓர் ஆட்சி 2,000 மினி கிளினிக்குகளை அறிவித்து, மாலையும் மேளமுமாய்த் திறந்தது. 2022 ஜனவரியில் அடுத்த ஆட்சி அவற்றை மூடிவிட்டதாக அறிவித்தது. திறந்தவர் மூடியவரை ஏசினார். மூடியவர் திறந்தவரை ஏசினார். 2023 ஜூனில் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. நேரம்: காலை 8 முதல் 12 வரை, மாலை 4 முதல் 8 வரை. இரு கட்சியினரும் ஒருவரையொருவர் கடித்துக் குதறிய அத்தனை பேச்சுகளிலும், "உன் கிளினிக்கும் இரவில் பூட்டித்தானே கிடந்தது, என் மையமும் இரவில் பூட்டித்தானே கிடக்கிறது" என்று எவரும் கேட்டதாக நமக்கு நினைவில்லை. பூட்டு ஒன்றில்தான் இவர்களுக்குள் ஒற்றுமை!

அதே 2023 ஜூனில் இன்னொரு திட்டமும் வந்தது. மாரடைப்பு அறிகுறியோடு வருவோருக்கு முதலில் கொடுக்க வேண்டிய ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அடோர்வாஸ்டேடின் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் இருப்பு வைக்கும் 'இதயம் காப்போம்' திட்டம். அருமையான திட்டம், குறை சொல்ல மாட்டோம். இதயத்தின் இரத்தக் குழாய் அடைபட்டால் கழியும் ஒவ்வொரு நிமிடமும் தசை மடிகிறது என்ற அறிவின் மேல் கட்டப்பட்டது அது. ஆனால் அந்த மாத்திரைகள் இருக்கும் அலமாரிக்கு ஒரு பூட்டு. அலமாரி இருக்கும் அறைக்கு ஒரு பூட்டு. கட்டடத்தின் வாயிலுக்கு ஒரு பூட்டு. இரவு 8 மணிக்கு மேல் பூட்டிக் கிடக்கும் மையத்தில் விடியற்காலை 4 மணி நெஞ்சு வலிக்கு எது மருந்து? "வாயுவாக இருக்கும்" என்று பெருங்காயமும் சோடாவும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், எதிர்ச்சாரியில் மாத்திரைகள் மூன்று பூட்டுக்குள் பத்திரமாய்த் தூங்குகின்றன.

பாம்புக்கடியையும் இங்கே நினைக்காமலிருக்க முடியாது. வைகைக்கு வடக்கே இன்னும் பெரியாறு பாசன வயல்கள் இருக்கின்றன. வீட்டு மனைகளும் வரப்புகளும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கில் கட்டுவிரியன் இரவிலே திரிவது. தரையில் பாய் விரித்து உறங்குவோரைக் கடித்துவிட்டுப் போய்விடும். கடிவாய் கண்ணுக்கே தெரியாது. வலியும் பெரிதாக இராது. விடியும்போது வயிற்றைப் பிசைகிறது என்பான், இமை தொங்கும், பிறகு மூச்சு நிற்கும். அதற்கு மாற்று மருந்து உண்டு. அந்த மருந்துக்கு வேண்டிய நஞ்சைச் செங்கற்பட்டு மாவட்டத்து வடநெம்மேலியில், 1978-இல் தோன்றிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துத் தருகிறார்கள். பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் அறிவிக்கப்பட வேண்டிய நோய் என்று தமிழக அரசு 2024 நவம்பரில் ஆணையும் பிறப்பித்துவிட்டது. ஆனால் அந்த மருந்து ஏற்றும்போதே சிலருக்கு ஒவ்வாமை கிளம்பி உயிரைப் பறிக்கக் கூடும். மருத்துவர் அருகில் நின்றுதான் ஏற்ற வேண்டும். பாம்பைப் பிடிக்கும் துணிவு இருளருக்கு இருக்கிறது. இரவில் ஒரு மருத்துவரைப் பிடித்து வைக்கும் துணிவு நம் நிர்வாகத்துக்கு இல்லை.

ஆகவே மக்கள் எங்கே போகிறார்கள்? மெடிக்கலுக்குப் போகிறார்கள். நேயர்கள் கோபிக்க வேண்டாம்: இன்று நம் புறநகர்களின் இரவு மருத்துவர், மருந்துக் கடையில் நிற்கும் பையன்தான். "காய்ச்சலா? இருமல் உண்டா? எத்தனை வயசு?" என்று மூன்று கேள்வி, பிறகு கத்தரிக்கோலால் நறுக்கிய நான்கு வகை மாத்திரை, ஒரு காகித உறையில். 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளிலுள்ள எச் அட்டவணை மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. மருந்தாளுநராய்ப் பதிவு பெறாதவர் மருந்து வழங்கக் கூடாதென்கிறது 1948-ஆம் ஆண்டின் சட்டம். 2014 மார்ச் முதல் பல ஆன்டிபயாடிக்குகளுக்கு இன்னும் கடுமையான எச்-1 அட்டவணை. சட்டங்களுக்குக் குறைவில்லை. அந்தப் பையனைப் பிடித்து உள்ளே போடுவதால் என்ன பயன்? சீட்டெழுதித் தர இரவில் ஒருவரும் இல்லாதபோது, சீட்டு கொண்டுவா என்று சட்டம் சொல்வது பசித்தவனிடம் வாழையிலையை மட்டும் நீட்டுவது போன்றது.

சட்டம் பற்றிப் பேச வந்தபிறகு, நீதிமன்றம் சொன்னதையும் சொல்லியாக வேண்டும். அரசாங்க மருத்துவரானாலும் தனியார் மருத்துவரானாலும் உயிர் காக்கும் கடமை உண்டு; சம்பிரதாயங்களுக்காகக் காத்திருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் தீர்ப்பளித்தது. அதைவிட நம் பொருளுக்கு நெருக்கமானது 1996-இல் வந்த தீர்ப்பு. மேற்கு வங்காளத்தில் ஹக்கீம் ஷேக் என்னும் விவசாயத் தொழிலாளி 1992 ஜூலை 8 அன்று இரவு 7.45 மணிக்கு மதுராப்பூர் ரயில் நிலையத்தில் வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வசதியில்லை. பெரிய இடத்துக்குப் போ என்றார்கள். இரவு 11.45-க்குக் கல்கத்தாவின் ஒரு பெரிய அரசு மருத்துவமனை: படுக்கை இல்லை. 12.20-க்கு மற்றொன்று: படுக்கை இல்லை. 1 மணிக்கு இன்னொன்று: அந்தப் பிரிவு இங்கே இல்லை. 2 மணிக்கு இன்னொன்று: படுக்கை இல்லை. காலை 8 மணிக்கு நரம்பியல் நிலையம், 10 மணிக்கு வேறொரு மருத்துவமனை. அங்கும் இல்லை, இங்கும் இல்லை. முடிவில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஏறத்தாழ 17,000 ரூபாய் செலவு. அந்த மனிதர் பிழைத்தார். அவருடைய தொழிலாளர் சங்கம் வழக்காடிற்று. நீதிமன்றம் 25,000 ரூபாய் ஈடு தரச் சொன்னதோடு நிற்கவில்லை. அவசர சிகிச்சை மறுப்பு உயிர் வாழும் உரிமையை மறுப்பதாகும் என்றது. பணமில்லை என்று சொல்லி அரசு இந்தக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்றது. முதற்கட்ட சிகிச்சைக்கான வசதி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்க வேண்டும் என்றும், எங்கே படுக்கை காலியிருக்கிறதென்று உடனே தெரிவிக்கும் பொது ஏற்பாடு வேண்டும் என்றும் வழி காட்டியது.

அந்த ஓர் இரவின் மணிக்கணக்கை நாம் இங்கே வரிசையாக எழுதியதற்குக் காரணம் உண்டு. ஹக்கீம் ஷேக்குக்கு நேர்ந்தது பெரிய மருத்துவமனைகள் இல்லாத குறையன்று. கல்கத்தாவில் அவை இருந்தன, ஒன்றல்ல ஆறு இருந்தன. முதல் வாசலில், விழுந்த இடத்துக்கு அருகில், அவரைப் பார்த்துத் தாங்கி, எங்கே போகவேண்டுமென்று கேட்டறிந்து அனுப்ப ஏற்பாடில்லாத குறை. மதுரையிலும் இன்று பேச்செல்லாம் பெரிய கட்டடங்களைப் பற்றியே. தோப்பூரில் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டியதிலிருந்து அந்தக் கல்லைப் பற்றி நடந்த வாதப் பிரதிவாதங்களைத் தொகுத்தால் ஒரு நூலகம் நிறையும். எய்ம்ஸ் வரட்டும், மகிழ்ச்சி. ஆனையூர்க் குழந்தையின் இரவுக் காய்ச்சலுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

மருத்துவர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. அதை மறைத்து எழுதுவது நமக்கு அழகன்று. பகலெல்லாம் உழைத்தவர் இரவும் விழித்திருக்க முடியாது. ஒருவரே நடத்தும் கிளினிக்கில் நள்ளிரவில் நோயாளி இறந்துபோனால் மறுகணம் கண்ணாடி நொறுங்குகிறது. மருத்துவமனைகளைத் தாக்குவோரைத் தண்டிக்கத் தமிழகத்தில் 2008-லேயே தனிச் சட்டம் வந்தும் தாக்குதல் நின்றபாடில்லை. 2024 ஆகஸ்டில் கல்கத்தாவில் இரவுப் பணியிலிருந்த இளம் பெண் மருத்துவர் மருத்துவமனைக்குள்ளேயே கொடுமைக்குள்ளாகிக் கொல்லப்பட்டார்; நாடே தலைகுனிந்தது. இரவில் மருத்துவர் வேண்டுமென்று கேட்கும் நாம், அவருக்குக் காவல் வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் தனியொருவரால் முடியாதது பதினைந்து பேரால் முடியாதா? இங்கேதான் நம் மருத்துவ நண்பர்களோடு நாம் மாறுபடுகிறோம்.

ஹாலந்து நாட்டில் குடும்ப மருத்துவர்கள் 2000-ஆம் ஆண்டையொட்டி என்ன செய்தார்கள்? வட்டாரத்து மருத்துவர்கள் ஒன்றுகூடிக் கூட்டுறவு அமைத்துக்கொண்டார்கள். மாலையிலும் இரவிலும் விடுமுறையிலும் முறை வைத்து ஒருவர் மாற்றி ஒருவர் உட்காருகிறார்கள். முதலில் தொலைபேசியில் பயிற்சி பெற்ற உதவியாளர் விசாரிக்கிறார். தேவையென்றால் வரச் சொல்கிறார். படுக்கையை விட்டு எழ முடியாதவர் வீட்டுக்கு மருத்துவரே போகிறார். இங்கிலாந்து வேறு வழி போயிற்று. 2004-இல் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி குடும்ப மருத்துவர்கள் இரவுப் பொறுப்பை இறக்கி வைக்கலாம் என்றாயிற்று. பெரும்பாலோர் இறக்கி வைத்தனர். அது ஒப்பந்த நிறுவனங்களின் கைக்கும் போயிற்று. 2008-இல் கேம்பிரிட்ஜ்ஷயரில், ஜெர்மனியிலிருந்து விமானமேறி வந்த ஒரு தற்காலிக மருத்துவர், முதல் நாள் பணியிலேயே வலி மருந்தைப் பத்து மடங்கு ஏற்றி ஒரு முதியவரைச் சாகடித்தார். ஊரும் பேரும் தெரியாத ஒருவரிடம் இரவை ஒப்படைத்ததன் விலை அது. ஹாலந்தின் செல்வம் நம்மிடமில்லை. ஆனால் 'முறை வைத்தல்' என்பதற்குச் செல்வம் வேண்டியதில்லை. கண்மாய்த் தண்ணீருக்கு முறை வைத்துப் பாய்ச்சிய ஊர்களுக்கு இதை வெளிநாட்டார் வந்து கற்பிக்க வேண்டுமா?

ஆனையூர், கூடல் நகர், விளாங்குடி, செல்லூர் ஆகிய பகுதிகளில் மாலைக் கிளினிக் நடத்தும் மருத்துவர்களில் பதினைந்து பேர் இசைந்தால் ஒருவருக்கு 15 நாட்களுக்கு ஓர் இரவு. இந்திய மருத்துவச் சங்கத்தின் மதுரைக் கிளை இதனை முன்னின்று செய்யலாம். உட்கார இடம்? மாநகராட்சியின் நலவாழ்வு மையம் இரவு 8 மணி முதல் காலை 8 மணி வரை 12 மணி நேரம் சும்மாதானே கிடக்கிறது. ஒரு செவிலியர், ஒரு காவலர், அந்த மருத்துவருக்கு ஒரு மதிப்பூதியம். இவற்றை மாநகராட்சி ஏற்க வேண்டும். இதயத்துக்குரிய மாத்திரைகள் ஏற்கெனவே அரசுக் கிடங்கில் உள்ளவை. புதுக் கட்டடம் வேண்டாம், திறப்பு விழா வேண்டாம், கல்வெட்டும் வேண்டாம். ஒருவேளை இது நடக்காமலிருப்பதற்கே அதுதான் காரணமோ என்னவோ!

நம் சமுதாயத்தாரிடமும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஆம்புலன்ஸ் வாங்கிக் கொடுப்பதில் நம்மவர்கள் எவருக்கும் இளைத்தவர்கள் அல்லர். தமிழ்நாட்டின் பல ஊர்களில் முஸ்லிம் அமைப்புகளின் ஆம்புலன்ஸ்கள் சாதி மத வேறுபாடின்றி ஓடுவதை யாவரும் அறிவர். கொரோனாக் காலத்தில் பெற்ற பிள்ளைகளே தொட அஞ்சிய உடல்களை நம் இளைஞர்கள் சுமந்து சென்று அடக்கினார்கள். இந்தப் பெருமைக்குரியவர்கள் ஓர் இரவு மருத்துவரை அமர்த்த ஏன் முன்வரவில்லை? வண்டியின் பக்கவாட்டில் கொடையாளியின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதலாம். மருத்துவரின் ஒரு மாத ஊதியத்தில் எந்தப் பக்கத்தில் பெயர் எழுதுவது? சங்கடமாய்த்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு ஜமாஅத்திலும் நிக்காஹ் இல்லாத இரவுகளில் பூட்டிக் கிடக்கும் மண்டபம் ஒன்று இருக்கிறது. தரைத்தளத்தில் ஓர் அறை இருக்கிறது. கடை வாடகை மாதந்தோறும் வந்து விழுகிறது. மாநகராட்சி அசையும் வரை காத்திராமல், வெள்ளி சனி இரண்டு இரவு மட்டுமாவது, இரவு 9 முதல் பஜ்ரு வரை, எல்லாச் சமயத்தாருக்குமாக அந்த அறையில் ஒரு மருத்துவரை உட்கார வைத்துப் பார்க்கட்டும். முதல் மாதக் கணக்கேட்டை மாநகராட்சி ஆணையரின் மேசைமேல் கொண்டுபோய் வைக்கட்டும்: எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினோம், எத்தனை பேரைப் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டோம் என்று.

அதற்கிடையில், நாளைக் காலையிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆனையூர் மையத்தின் பூட்டிய கதவிலும், மாலைக் கிளினிக்குகளின் ஷட்டர்களிலும் ஒரு பலகை தொங்கட்டும். 108, 104 என்ற இரு எண்கள். அவற்றின் கீழே, "இன்றிரவு மருத்துவர்" என்று எழுதிப் பெயருக்கும் இடத்துக்கும் சாக்கட்டியால் நிரப்ப ஒரு வரி. அந்த வரி எத்தனை இரவுகள் வெறுமையாய்க் கிடக்கிறதென்று, அவ்வழியே போகும் மாமன்ற உறுப்பினர்களும் மருத்துவர்களும் நாமுமாகச் சேர்ந்து எண்ணிக்கொண்டிருப்போம்.